சொந்தக் காரணம்

கௌஸ் மொய்தீனுக்கு முதலில் கேட்காமல் போனது மகளின் குரல். அது அப்போது அவருக்கே தெரியவில்லை.

1988ஆம் வருஷம். அதியாவுக்கு நான்கு வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அவர் டை செட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிரேக் பாகங்களுக்குத் தகடு அடிக்கிற பெரிய பவர் பிரஸ்கள் ஒன்பது அங்கே ஓடின. அச்சைப் பொருத்துவது, சரிபார்ப்பது, ஆள் மாற்றி விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி வஜிஹாவும் குழந்தையும் சிங்காரப்பேட்டையில் இருந்தார்கள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்து ஒரு வாரத்துக் கதையையும் சொல்லும். வாய் அசைவது தெரியும். வார்த்தைகள் மட்டும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் மழுங்கி வரும்.

"இவ இன்னும் மழலையாவே பேசறா வஜிஹா" என்றார் ஒருநாள்.

"அவ நல்லாத்தான் பேசறா. நீங்கதான் கேக்கறதில்ல."

அவள் சொன்னது வேறு அர்த்தத்தில். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

ஆண்களின் குரல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்டது. பிரஸ் ஷாப்பில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் அங்கே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு டப்பாவைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பஞ்சை வைத்தால் பக்கத்து ஆள் எச்சரிப்பது கேட்காது என்று யாரும் வைப்பதில்லை. வெளியில்தான் சிக்கல் தொடங்கியது. கண்டக்டர் கேட்பதற்கு முன்பே சில்லறையை நீட்டிவிடுவார். பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் குனிந்தால் தானும் குனிவார். வாடகை அறையின் சொந்தக்காரி ரங்கம்மா வாசலில் நின்று, "பாய், ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றித்தான் என்று தெரியும். ஆயிற்று என்று தலையாட்டுவார். அவள் வேறு ஏதாவது கேட்கும்போதும் அதே தலையாட்டல்தான். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. ஊருக்குப் போவதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றாக்கினார். பிறகு மாதம் ஒருமுறை. வீட்டில் இருக்கும்போது வஜிஹா பேசப் பேச, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் முகம் சுளிக்க வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு பஸ்ஸில் ஏறினால் கழுத்து நரம்பெல்லாம் வலிக்கும். ஓவர்டைம் இருக்கிறது என்று கடிதம் எழுதிப் போடுவது சுலபமாக இருந்தது.

1992 ஜனவரியில் அது நடந்தது.

புது அச்சு ஒன்றைப் பொருத்திவிட்டு, பிரஸ்ஸை அங்குலம் அங்குலமாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் செல்வம் என்கிற ஆபரேட்டர். அச்சுக்குள் ஒரு தகட்டுத் துணுக்கு சிக்கியிருப்பதைப் பார்த்து அதை எடுக்கக் கையை விட்டான். விடுவதற்கு முன், பட்டனை அழுத்தாமல் இருக்கச் சொல்லிக் கத்தினான். கௌஸ் அவன் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் அச்சின் விளிம்பில் இருந்தது. பட்டனை அழுத்தினார்.

செல்வம் கையை உருவிக்கொண்டான். கையுறை மட்டும் உள்ளே மாட்டி நார்நாராகக் கிழிந்தது. நடுவிரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தபோது, "கையுறை லூசா இருந்துச்சு சார், அதுவா மாட்டிக்கிச்சு" என்று செல்வமே சொல்லிவிட்டான்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். விரலில் கட்டு.

"மூணு தடவ கத்துனேண்ணா."

"கவனிக்கல செல்வம்."

"நீங்க என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவன் குரலில் கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. வார்த்தைகளை உதட்டிலிருந்து எடுத்தார். உதட்டில் கோபம் தெரிவதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். செல்வம் சாப்பிட்டு முடித்து எழுந்து போனான். அந்தக் கையில் ஐந்து விரல் இருப்பதை அவர் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். காரணம் என்று வரும் இடத்தில், டைம் ஆபீசில் எல்லோரும் எழுதுகிற மாதிரியே, 'சொந்தக் காரணம்' என்று எழுதினார். ஒரு மாதம் நோட்டீஸ். பிப்ரவரி கடைசியில் கார்டைத் திருப்பிக் கொடுத்து வெளியே வந்தார்.

பி.எஃப். பணம் உடனே கிடைக்காது. வேறு வேலையில் சேராமல் இரண்டு மாதம் இருந்தால்தான் மனுக் கொடுக்க முடியும் என்றார்கள். அந்த இரண்டு மாதத்தை அவர் ஓசூரிலேயே கழித்தார். ஊருக்கு எழுதவில்லை. ரங்கம்மா கேட்டுவிடக் கூடாதென்று வழக்கம்போல ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ராமநாயக்கன் ஏரிக்கரையில் உட்காருவார். வெயில் ஏறினால் பஸ் ஸ்டாண்டு. பெங்களூர் பஸ்களும் சேலம் பஸ்களும் வந்து நின்று போவதைப் பார்ப்பார். வண்டிகள் வாயை மூடிக்கொண்டு வருவதுபோலிருக்கும். டப்பாவை அங்கேயே திறந்து சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு அறைக்குத் திரும்புவார். சில நாட்களில் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் நினைவுக்கு வரும். தன் குரலையாவது கேட்டுப் பார்க்கலாமென்று சும்மா, "அதியா" என்று சொல்லிப் பார்ப்பார். தலைக்குள் அதிர்வது தெரியும். சத்தமாகச் சொன்னோமா, மெதுவாகச் சொன்னோமா என்பது தெரியாது.

மே மாதம் முதல் பேகேப்பள்ளிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் டை செட்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பணத்தை வாங்கிவிட வேண்டும் என்று ஏப்ரல் கடைசியில் கம்பெனிக்குப் போனார்.

அந்தக் கம்பெனியில் பி.எஃப். பணத்தை ஒரு டிரஸ்ட் வைத்து அவர்களே நடத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டவள் ஜெயமணி. ஓமலூர்க்காரி. கணக்குப் பிரிவில் ஆறு வருஷமாக இருந்தாள். குனிந்து பாரத்தை நிரப்பிக்கொண்டே, "இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் பி.எஃப். இருந்துச்சாண்ணா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள்.

"நேத்தோட ரெண்டு மாசம் ஆயிருச்சும்மா" என்றார் கௌஸ்.

ஜெயமணி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிரஸ் ஷாப்பிலிருந்து வருகிறவர்களிடம் அவள் இதை முன்பும் பார்த்திருந்தாள். ஒரு பழைய தாளைத் திருப்பிப்போட்டு, கேட்டதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. தாளைப் பார்த்தே பதில் சொன்னார். பெங்களூரில் ஆறு வருஷம் இருந்தது. இங்கே சேர்ந்தபோது அந்தப் பணத்தை எடுத்து வஜிஹாவின் அடகு நகையை மீட்டுக் கொடுத்துவிட்டார்.

'அதை எடுக்காமல் இங்கே மாற்றியிருந்தால் அந்த ஆறும் சேர்ந்திருக்கும்' என்று எழுதினாள் ஜெயமணி. 'இப்போது இந்தக் கம்பெனி சர்வீஸ் மட்டும்தான் கணக்கு. நாலு வருஷம் எட்டு மாசம். அஞ்சு வருஷம் முடியாமல் எடுத்தால் வருமான வரி உண்டு. உங்கள் சம்பளத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் பிடிக்க வேண்டி வரும்.'

ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். நாலு மாதம் பொறுத்திருந்தால் ஒரு பைசா போயிருக்காது. அவர் தலையாட்டினார். கையெழுத்துப் போடப் பாரத்தை இழுத்தார். ஜெயமணி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். இந்த முறை எழுதவில்லை. முகத்தை நேராகக் காட்டி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அவசரப்படாதீங்க. விதியில இன்னொண்ணு இருக்குது. ஒடம்பு முடியாம வேல போனா வரி கெடையாது. கம்பெனிய மூடிட்டா கெடையாது. ஆளு கையில இல்லாத காரணம்னா கெடையாது. அஞ்சு வருஷம் ஆகலைன்னாலும் முழுசாக் குடுக்கலாம்."

"நான் சொந்தக் காரணம்னு எழுதியிருக்கேன்."

"அது தெரியுது. நெசமாவே சொந்தக் காரணமா?"

அவர் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

மூன்று நாள் அந்தப் பாரம் பையிலேயே இருந்தது. காது போய்விட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் அது கம்பெனி ஃபைலில் ஏறும். சிப்காட்டில் ஒரு ஃபைலில் ஏறினது பத்துக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். பேகேப்பள்ளி வேலை போகும். முப்பத்தெட்டு வயதில் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். மூவாயிரம் ரூபாய்க்காக அதை விடுவதா? சொந்தக் காரணம் என்றே இருந்துவிட்டால் வரியோடு போகும். வேலையும் இருக்கும், ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது நாள் இந்த முடிவோடுதான் தூங்கினார்.

மூன்றாவது நாள் காலையில் பட்டறையைப் பார்த்துவிட்டு வரலாமென்று பேகேப்பள்ளி போனார். உள்ளே இரண்டு பழைய பிரஸ்கள். ஒன்றில் ஒருவன் எதிர்ப்பக்கமாக நின்று, அச்சுக்குள் கையை விட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான். முதலாளி வெளியே வந்து ஏதோ கேட்டார். கௌஸ் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தோதுப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தார். அங்கிருந்தே பெங்களூருக்குப் பஸ் ஏறினார்.

பெங்களூரில் ஒரு காது ஆஸ்பத்திரியில் அவரைக் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். தலையில் ஹெட்போன். கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மிஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை ஏதோ உறுமல் கேட்டது; அழுத்தினார். அப்புறம் ஒன்றுமில்லை. மிஷினைச் சரிசெய்கிறாள் போலிருக்கிறது என்று காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். இனி எப்போது தொடங்குவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் கதவைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"சுரு மாடில்வா?" என்றார், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று.

அவள் மெதுவாகத் தலையை அசைத்தாள். "முகீத்து."

முடிந்துவிட்டது.

டாக்டர் சர்டிபிகேட்டை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். இரண்டு காதிலும் நிரந்தரக் குறைபாடு. இரைச்சலில் வேலை பார்க்கத் தகுதியில்லை. பல வருஷமாக நடந்திருக்கிறது. வைத்தியம் செய்து திரும்பாது.

அடுத்த நாள் அதைக் கொண்டுபோய் ஜெயமணியிடம் கொடுத்தார். டிரஸ்ட்டுக்கு ஒரு விண்ணப்பத்தை அவளே எழுதி, அவரிடம் படித்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். பர்சனல் மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். அவர் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்களே எழுதிக் குடுத்தது பாருங்க" என்று ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் காட்டினார் மேனேஜர். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்திப் பேசினார். "சொந்தக் காரணம். இப்ப வந்து காதுன்னா எப்பிடி? நாளைக்கு இதையே புடிச்சிக்கிட்டு, காது கம்பெனியாலதான் போச்சுன்னு யாராவது கேஸ் போட்டா? வரியா பிரச்சின? அந்த மூவாயிரத்த வெல்ஃபேர்லருந்து நான் வாங்கிக் குடுக்கறேன். இத விட்டுருங்க."

பாதி வார்த்தைகள்தான் எட்டின. ஆனால் என்ன சொல்கிறார் என்பது கௌஸுக்குப் புரிந்தது.

"கேஸெல்லாம் போட மாட்டேன் சார். வெல்ஃபேர் பணமும் வேணாம். என் காது போனதால நின்னேன். அது மட்டும் எழுதியிருந்தாப் போதும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"வெக்கமா இருந்துச்சு சார்."

மேனேஜர் ஜெயமணியைப் பார்த்தார். அவள், "டாக்டர் சர்டிபிகேட் இருக்குது சார். வரி பிடிக்காமக் குடுத்தா ஆடிட்ல ஒண்ணும் வராது" என்றாள். கடைசியில் ஒரு சமரசம் ஆனது. கம்பெனியின் உத்தரவில் 'உடல்நலக் குறைவால் வேலை நீங்கியது' என்று மட்டும் இருக்கும். காது என்ற சொல் சர்டிபிகேட்டின் நகலோடு நின்றுவிடும். கௌஸ் ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்தில் ஒப்புதல் வந்தது. முழுப் பணமும், பிடித்தமில்லாமல்.

அந்த உத்தரவை டிரஸ்ட் தபாலில் அனுப்பியது. பாரத்தில் நிரந்தர முகவரி என்று சிங்காரப்பேட்டையைத்தான் அவர் எழுதியிருந்தார். அந்த நினைவே அவருக்கு இல்லை. உறைக்குள் சர்டிபிகேட்டின் நகலும் இருந்தது. வஜிஹா அதைப் பள்ளிக்கூட டீச்சரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னாள். மறுநாள் அதியாவைத் தன் நாத்தனார் தாஹிரா வீட்டில் விட்டுவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறினாள். ஏறக்குறைய ஐந்து வருஷத்தில் அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ரங்கம்மாதான் அறையைக் காட்டினாள். கதவு திறந்திருந்தது. கௌஸ் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டவ்வில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் வஜிஹா.

அவர் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு அவருடைய பெயரையே சொன்னாள், கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் சொல்லாத பெயரை, வாய்விட்டுச் சத்தமாக. ரங்கம்மா வாசலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பால் பொங்கி வந்தது. அவர் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். நிலைப்படியில் வஜிஹா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மடியில் அந்த உறை.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதிரே போய் உட்கார்ந்தார்.

"எத்தன வருஷமா?" கையால் கேட்டாள்.

"நாலு இருக்கும்."

"இங்க வேற வீடு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்டகூடச் சொல்லி அழுதேன்." அவர் உதட்டைப் படிப்பதைப் பார்த்ததும் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். "நாலு வருஷமா நான் பேசுனதெல்லாம்?"

"பாதி கேட்டுச்சு."

"எந்தப் பாதி?"

பால் ஆடை கட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாளில் அறையைக் காலி செய்து சிங்காரப்பேட்டைக்குத் திரும்பினார்கள். பணத்தில் ஒரு பகுதியை அதியாவின் பெயரில் போஸ்ட் ஆபீசில் போட்டார். ஒரு பகுதியில் காதுக்கு ஒரு கருவி வாங்கினார். அது பஸ் ஹாரனையும் பாத்திரம் விழுவதையும் மண்டைக்குள் இறக்கியது, பேச்சைத் தெளிவாக்கவில்லை. பத்து நாளில் கழற்றி வைத்துவிட்டார். பர்கூரில் கிரானைட் கற்களை அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் வேலை கிடைத்தது. வருகிற கல்லுக்கு நம்பர் எழுத வேண்டும், அளவு குறிக்க வேண்டும். யாருடைய விரலும் அவர் காதை நம்பி இல்லாத வேலை. சம்பளம் பழையதில் பாதி.

வாரத்தில் ஆறு நாள் யார்டில், ஒரு நாள் வீட்டில். வஜிஹா எதிரே வந்து நின்று பேசக் கற்றுக்கொண்டாள். முன்பு போல அடுப்பிலிருந்தபடியே பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதால் அவள் பேச்சே குறைந்துவிட்டது, தேவையானதைத்தான் சொன்னாள். அதியா பள்ளிக்கூடத்துக் கதைகளை இப்போது அம்மாவிடம் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. குழந்தை எத்தனை தடவைதான் ஒன்றையே திருப்பிச் சொல்லும்? கல்யாணம், நோன்புக் கஞ்சி என்று நாலு பேர் கூடும் இடத்தில் கௌஸ் ஓரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். யாராவது பார்த்தால் சிரிப்பார். காது கேட்காதவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஒருவரும் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. பேச்சுக் கொடுக்கவுமில்லை.

1994இல் ஒருநாள் யார்டுக்குப் பெரியதம்பி வந்தான். அதே பிரஸ் ஷாப்பில் பத்து வருஷம் இருந்தவன், கரூர்ப் பக்கத்து ஆள். கம்பெனியை விட்டு நின்று ஒரு மாதம் ஆகிறது, ஊருக்குப் போவதற்கு முன் பார்க்க வந்தேன் என்றான்.

"பி.எஃப்.ல வரி பிடிச்சாங்களா?" என்று கேட்டார் கௌஸ்.

"ஆமாங்க பாய், வெயில் ஜாஸ்திதான்" என்றான் பெரியதம்பி.

கௌஸ் அவனைப் பார்த்தார். பெரியதம்பி வலது காதை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு, அவருடைய உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கௌஸ் நம்பர் எழுதும் சாக்கட்டியை எடுத்து, பக்கத்துக் கல்லின் மேல் கேள்வியை எழுதினார். பெரியதம்பி அதைப் படித்தான். முகம் ஒரு மாதிரியானது. சாக்கட்டியை வாங்கி, கீழே எழுதினான்: 'எனக்கு பத்து வருசம் ஆச்சு. வரி இல்ல.' கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி எழுதினான்: 'வீட்ல இன்னும் சொல்லல.'

கௌஸ் அதை இரண்டு தடவை படித்தார். 'சொல்லிவிடு' என்று எழுதினார்.

யார்டு முனையில் டீ வாங்கி, அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதற்கப்புறம் அவர்கள் ஒன்றும் எழுதவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வந்ததும் கௌஸ் அவன் தோளைத் தொட்டுக் காட்டினார். பெரியதம்பி எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறினான்.

பஸ் போன பிறகு கௌஸ் ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, அதற்குரிய நம்பரை எழுதினார்.